லேண்ட்லைனை ஒப்படைத்த பின் டயல் போன்: வாசகர் கேள்வி – பதில்

லேண்ட்லைன் இணைப்பை ஒப்படைத்துவிட்டு, வீட்டில் மிஞ்சியிருக்கும் டயல் போனைத் தூக்கிப்போட மனமில்லாமல் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். தொலைபேசி நிலையத்தின் பழுதுபார்ப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பொறுப்பை ஆசிரியர் குழு எனக்குக் கொடுத்திருக்கிறது. ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் வந்த கறுப்பு டயல் போன் 40 ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடத்தில் இருந்தது. ஃபைபர் இணைப்பு எடுத்தபோது பழைய செம்புக் கம்பி லைனை ஒப்படைத்துவிட்டோம். இப்போது ரிசீவரை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. இது இனி அலமாரியில் வைக்கும் பொருள்தானா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

இல்லை, அம்மா. உங்கள் போனில் பெரும்பாலும் எந்தப் பழுதும் இருக்காது. டயல் போன் என்பது பாதி இயந்திரம்தான். அதன் மறுபாதி ஊரின் எக்ஸ்சேஞ்சில் இருந்தது. ரிசீவர் கீழே இருக்கும்போது லைனில் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் காத்துக்கொண்டிருக்கும். ரிசீவரை எடுத்தவுடன் சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். அந்த ஓட்டத்தை வைத்துத்தான் எக்ஸ்சேஞ்ச் "இந்த வீட்டில் போனை எடுத்துவிட்டார்கள்" என்று அறிந்து டயல் டோனை அனுப்பும். நீங்கள் சுழற்றும் எண்ணை எண்ணிக்கொள்வதும், அழைப்பு வரும்போது ஏறத்தாழ 75 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை 25 ஹெர்ட்ஸ் அளவில் அனுப்பி மணியை அடிக்க வைப்பதும் எக்ஸ்சேஞ்சின் வேலையே. மின்சாரம் தருவது, டோன் தருவது, எண்ணைக் கேட்பது, மணி அடிப்பது, பேச்சைக் கடத்துவது ஆகிய இந்த ஐந்து வேலைகளையும் செய்யும் ஒரு சிறிய பெட்டியை நீங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டால் உங்கள் போனுக்கு எக்ஸ்சேஞ்ச் திரும்பி வந்துவிட்டதாகவே பொருள்.

அந்தப் பெட்டி ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். ஃபைபர் இணைப்புக்காகச் சுவரில் பொருத்திய மோடத்தின் பின்புறத்தைப் பாருங்கள். இணையக் கம்பி செருகும் துளைகளுக்குப் பக்கத்தில், அவற்றைவிடச் சிறியதாக, போன் படம் போட்ட ஒரு துளை இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. அந்தத் துளைக்குப் பேச்சுச் சேவை இயக்கப்பட்டிருக்கிறதா என்று சேவை மையத்தில் கேட்டுக்கொண்டு, போனின் இரண்டு கம்பிகளையும், அந்தத் துளைக்குப் பொருந்தும் ஆர்.ஜே.11 என்ற சிறிய போன் பிளக்கில் சேர்த்துச் செருகிப் பாருங்கள். மோடத்தில் துளை இல்லையென்றால், ரூட்டருடன் இணைக்கும் ஏ.டி.ஏ. என்ற தனி அடாப்டர் ஒன்றை வாங்கி, உரிமம் பெற்ற சேவை நிறுவனத்திடம் இணையவழித் தொலைபேசிக் கணக்கு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இணையமே வேண்டாம், என் செல்போனுக்கு வரும் அழைப்பு இந்தப் போனில் ஒலித்தால் போதும் என்பவர்களுக்கு ப்ளூடூத் பெட்டிகள் இருக்கின்றன. செல்போனை ஒருமுறை இணைத்துவிட்டால், நீங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் டயல் போன் செல்போனின் கைக்கருவியாக மாறிவிடும். சிம் கார்டைச் செருகும் பெட்டிகளும் கிடைக்கின்றன. ஆனால், அவற்றை வாங்குவதற்கு முன் அது 2ஜி பெட்டியா, 4ஜி பெட்டியா என்று பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது என்பதால் அந்த நிறுவனத்தின் சிம்மை 2ஜி பெட்டியில் போட்டால் வேலை செய்யாது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றை மறக்காதீர்கள். வீட்டுச் சுவருக்குள் ஓடும் பழைய போன் ஒயரையே பயன்படுத்த விரும்பினால், தெருவிலிருந்து வரும் கம்பியை நுழைவுப் பெட்டியிலேயே முற்றிலும் கழற்றிவிட வேண்டும். வெளிக் கம்பியில் எக்ஸ்சேஞ்சின் மின்சாரம் இன்னும் இருந்தால் உங்கள் புதிய பெட்டி எரிந்துபோகும். மின்சாரம் இல்லாவிட்டாலும், கம்பத்திலிருந்து தொங்கும் கம்பி இடி மின்னலை நேரே கூடத்துக்குள் அழைத்து வரும்.

ஃபைபர் மோடத்தில் டயல் போனைச் செருகினேன். அழைப்பு வந்தால் மணி அடிக்கிறது, பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. ஆனால், எண்ணைச் சுழற்றினால் எதுவும் நடப்பதில்லை. டயல் டோன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கிறது. போனில் கோளாறா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

வந்த கடிதங்களில் அதிகமானவை இந்தக் கேள்வியைத்தான் கேட்டிருக்கின்றன. கோளாறு போனில் இல்லை. மோடத்துக்கு உங்கள் போனின் மொழி தெரியவில்லை.

டயலை விரலால் இழுத்து விடும்போது, அது திரும்பி வரும் வழியில் லைனை விட்டு விட்டுத் துண்டிக்கிறது. 1-க்கு ஒரு துண்டிப்பு, 5-க்கு ஐந்து, 0-க்குப் பத்து. நொடிக்குப் பத்துத் துடிப்புகள் என்பது கணக்கு. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் லைன் துண்டாகவும் ஒரு பங்கு நேரம் சேர்ந்தும் இருக்கும். அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர் 1891-இல் காப்புரிமை பெற்ற தானியங்கி இணைப்பு முறையில், ஒவ்வொரு துடிப்புக்கும் எக்ஸ்சேஞ்சில் லைனைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் என்ற சுவிட்ச் ஒரு படி நகரும். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் அந்த அறைக்குள் நுழைந்தால் நெல் பொரிவதைப் போல இடைவிடாமல் ஒரு சடசடப்பு கேட்கும். ஊரார் சுழற்றும் எண்களின் சத்தம் அது. அதற்குப் பிறகு வந்த பொத்தான் போன்கள், 1963-இல் அமெரிக்காவில் அறிமுகமான டோன் முறையைப் பின்பற்றின. பொத்தான் போனில் 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸ், 1336 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் செல்லும். இன்றைய மோடங்களும் அடாப்டர்களும் பல அந்த ஒலிகளை மட்டுமே எதிர்பார்க்கின்றன. துடிப்புகளைக் கேட்கும்படி அவற்றை உருவாக்கவே இல்லை.

சோதனை எளிது. ரிசீவரை எடுத்து, டயல் டோன் கேட்கும்போது 5-ஐ ஒருமுறை சுழற்றுங்கள். டோன் நின்றுவிட்டால் பெட்டி துடிப்பைக் கவனிக்கிறது. நிற்கவில்லை என்றால், உங்கள் மோடத்தைப் போலவே, அதற்குத் துடிப்பு புரியவில்லை.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. துடிப்பைப் புரிந்துகொள்ளும் அடாப்டரை வாங்குவது ஒன்று. கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் எச்.டி.801, எச்.டி.802 ஆகியவற்றில் இந்த வசதி இருக்கிறது. ஆனால், கணினி உலாவியில் திறக்கும் அதன் அமைப்புப் பக்கத்துக்குள் சென்று 'பல்ஸ் டயலிங்' (துடிப்பு முறை) என்பதை நாமே இயக்க வேண்டும். அதைச் செய்யாமல் "இதுவும் வேலை செய்யவில்லை" என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்களை நான் அறிவேன். இரண்டாவது வழி, துடிப்பை டோனாக மாற்றும் சிறு கருவி. ஆஸ்திரேலியாவின் டயல்கிஸ்மோ போனுக்கும் சுவர்த் துளைக்கும் இடையில் செருகுவது. பிரிட்டனின் ரோட்டாடோன் போனுக்குள்ளேயே பொருத்துவது. இரண்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வழி நம் ஊருக்கு ஏற்றது, எனக்கும் பிடித்தது: பழைய அலுவலகங்களில் கழித்துப்போடும் சிறிய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி, அதாவது அலுவலகத்துக்குள்ளேயே இயங்கும் குட்டி எக்ஸ்சேஞ்ச். எக்ஸ்டென்ஷன் என்ற உள் இணைப்பில் துடிப்பை ஏற்றுக்கொண்டு வெளி லைனில் டோனாக அனுப்பும் வகைகள் அவற்றில் இருக்கின்றன. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய சரக்காகக் கிடைத்தால், கடையிலேயே உங்கள் போனைச் செருகிச் சுழற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடாப்டர் வாங்கியவர்கள் இன்னொன்றையும் மாற்ற வேண்டும். எண்ணை முடித்துவிட்டோம் என்று பெட்டி தானாக முடிவு செய்வதற்குச் சில நொடிகள் குறித்து வைத்திருப்பார்கள். பொத்தானுக்கு அது போதும், டயலுக்குப் போதாது. 9-ஐயும் 0-ஐயும் சுழற்றிவிட்டு அடுத்த எண்ணை டைரியில் தேடுவதற்குள் பெட்டி பாதி எண்ணுடன் அழைப்பை அனுப்பிவிடும். அந்த நேரத்தை இரு மடங்காக்குங்கள். லேண்ட்லைன் எண்ணிலிருந்து செல்போனை அழைக்கும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருப்பதால், அந்தப் பத்துத் துடிப்புகளையும் சேர்த்துப் பதினொரு முறை சுழற்ற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்" என்று சொல்லும் இடங்களில் துடிப்பு பயன்படாது. மாற்றுக் கருவி இல்லாதவர்கள் அதே லைனில் மலிவான பொத்தான் போன் ஒன்றையும் இணையாக மாட்டி வைத்துக்கொள்ளலாம்.

அடாப்டர் வாங்கி, கூடத்தில் ஒன்றும் மாடியில் ஒன்றுமாக இரண்டு டயல் போன்களை மாட்டியிருக்கிறேன். அழைப்பு வந்தால் 'டிங்' என்று ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிடுகின்றன. அந்தக் காலத்து மணிச் சத்தம் வராதா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

வரும். முதலில் மாடிப் போனைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் அடிக்க விடுங்கள். பழைய போன்களின் மணிச் சுருள் பெரும்பாலும் 1000 ஓம் அளவுள்ளது. எக்ஸ்சேஞ்சின் பெரிய மணி இயந்திரத்துக்கு அது ஒரு சுமையே இல்லை. உள்ளங்கை அளவுப் பெட்டிக்கோ அப்படி ஒரு மணியே பெரிய பாரம். ஒன்று நன்றாக அடித்து இரண்டு அடிக்கவில்லை என்றால், ஒரு போனின் மணியை மட்டும் துண்டித்துவிட்டுப் பேசுவதற்கு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு துளைகள் உள்ள அடாப்டராக இருந்தால் ஆளுக்கொரு துளையைக் கொடுக்கலாம்.

ஒற்றைப் போனும் முனகினால், அடாப்டரின் அமைப்பில் மணியின் அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா எனப் பார்த்து 25-க்கு மாற்றுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் சரியில்லை என்றால் போனைக் கழற்றிவிட்டு அடிப்பாகத்தைத் திறக்க வேண்டும். மணி அடிக்கும்போது அந்த முனைகளைத் தொடாதீர்கள். 75 வோல்ட் கையை உதறிவிடும். உள்ளே இரண்டு கிண்ணங்கள், நடுவே ஒரு சிறு சுத்தி. கிண்ணத்தைப் பிடித்திருக்கும் திருகை அரைச் சுற்று தளர்த்திக் கிண்ணத்தைத் திருப்பினால் அது சுத்தியின் பக்கம் நெருங்கும் அல்லது விலகும். ஏனென்றால் பல போன்களில் அதன் துளை சரியான நடு மையத்தில் இருக்காது, இப்படித் திருப்புவதற்காகவே சற்று ஒதுக்கித் துளைத்திருப்பார்கள். சுத்தி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது கிண்ணத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு தபால் அட்டை நுழையும் இடைவெளி இருக்கட்டும். தொட்டுக்கொண்டிருந்தால் 'டொக்' என்று தட்டையாக ஒலிக்கும். விலகினால் ஒலியே எழாது. இரண்டு கிண்ணங்களும் சற்றே வேறு வேறு சுருதியில் இருப்பதால்தான் அந்த மணிக்கு அந்த இனிமை. ஆகவே, ஒன்று தொலைந்துபோனால் ஒரே சுருதியுள்ள இரண்டு கிண்ணங்களைப் போட்டுவிடாதீர்கள்.

இன்னும் ஒரு சிறிய வேலை பாக்கி இருக்கிறது, அதைச் செய்யாமல் விடாதீர்கள். அடாப்டர்கள் பெரும்பாலும் அமெரிக்க வழக்கப்படி இரண்டு நொடி நீளமாக அடித்து நான்கு நொடி ஓயும். நம் நாட்டு மணி அப்படி அடிப்பதில்லை. 0.4 நொடி ஒலி, 0.2 நொடி இடைவெளி, மறுபடியும் 0.4 நொடி ஒலி, பிறகு 2 நொடி அமைதி: இதுதான் நாம் கேட்டு வளர்ந்த 'ட்ரிங்-ட்ரிங்'. அமைப்புப் பக்கத்தில் மணியின் தாளம் என்ற இடத்தில் 400, 200, 400, 2000 என்று மில்லி நொடிகளில் குறித்துவிடுங்கள். என் வீட்டில் அதை மாற்றிய அன்று, முதல் அழைப்புக்கே சமையலறையில் இருந்த என் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்துவிட்டார். அதுவரை அடித்த நீள மணிக்கு அவர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

என் தாத்தா வீட்டுப் போனை அடாப்டரில் செருகினால், ரிசீவர் கீழே இருக்கும்போதே 'போனை எடுத்திருக்கிறீர்கள்' என்று அடாப்டரின் விளக்கு காட்டுகிறது. அழைப்பவர்களுக்கு எப்போதும் எங்கேஜ்ட் டோன் வருகிறதாம். பழுதுபார்ப்பவர் ஒருவர் "உள்ளே எல்லாம் போய்விட்டது" என்று சொல்லிவிட்டார்.
– ஒரு வாசகர், காரைக்குடி

எல்லாம் போகவில்லை, ஒரே ஒரு பொருள் போயிருக்கக்கூடும். மணிச் சுருளுக்கு முன்னால் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். நேர்மின்சாரத்தைத் தடுத்து, மணி அடிக்கும் மாறுமின்சாரத்தை மட்டும் உள்ளே விடும் காவல்காரன் அது. பழைய போன்களில் அது மெழுகு தோய்ந்த காகிதச் சுருளாக, தகரப் பெட்டிக்குள் இருக்கும். ஆண்டுகள் பல ஆனால் ஈரம் ஏறிக் கசியத் தொடங்கும். கசிவு வழியாக மின்னோட்டம் பாய்வதால், யாரோ ரிசீவரை எடுத்துவிட்டதாகப் பெட்டி நினைத்துக்கொள்கிறது. எக்ஸ்சேஞ்ச் லைனில் சிறு கசிவு தெரியாமலே இருந்திருக்கலாம். புதிய பெட்டிகள் இதில் கண்டிப்பானவை.

போனைத் தனியாகக் கழற்றி, ரிசீவரை வைத்த நிலையில், அதன் இரண்டு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பாருங்கள். ஒரு கணம் எண் ஓடிவிட்டுப் பிறகு முடிவிலிக்குப் போக வேண்டும். சில ஆயிரம் ஓமில் நின்றால் கெப்பாசிட்டரை மாற்றுங்கள். 1.8 முதல் 2 மைக்ரோஃபாரட் வரை, 250 வோல்ட்டுக்குக் குறையாத பிலிம் கெப்பாசிட்டராக வாங்க வேண்டும்; கூட்டல் கழித்தல் குறி போட்ட எலக்ட்ரோலிடிக் வகை கூடாது. இரண்டே கம்பிகளைப் பற்றவைக்கும் வேலை. பழைய தகரப் பெட்டியை எடுத்துவிடாமல், அதன் கம்பிகளை மட்டும் கழற்றிவிட்டு அதன் மேலேயே புதியதை வைத்துக் கட்டுவது என் வழக்கம். பின்னாளில் திறப்பவர்களுக்குப் போன் எப்படிப் பிறந்தது என்று தெரிய வேண்டும்.

கெப்பாசிட்டர் சரியாக இருந்தும் இந்தக் குறை தொடர்ந்தால் துணி சுற்றிய ஒயரைச் சந்தேகப்படுங்கள். அதன் நூல் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

நானும் இதில் ஏமாந்தவன்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு, என் சொந்தப் போன் இதே குறையுடன் இருந்தபோது, அடாப்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து விற்ற கடையில் சண்டையே போட்டேன். இரண்டாவது அடாப்டரும் அதையே காட்டிய பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். முதலில் செய்ய வேண்டியதை நான் கடைசியில் செய்தேன்.

நான் பேசுவது எதிர்முனையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கிறதாம். நடுவில் கரகரப்பும் இருக்கிறது. எனக்கு அவர்கள் பேச்சு நன்றாகவே கேட்கிறது.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பழைய போனின் மைக்கில் கார்பன் துகள்கள் இருக்கின்றன. நம் குரலின் அழுத்தத்தில் அவை நெருங்கியும் விலகியும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. கருவி நெடுநாள் சும்மா கிடந்தால், அதுவும் ஈரக் காற்றுள்ள கடலோர ஊரில், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ரிசீவரின் பேசும் முனை மூடியைத் திருகிக் கழற்றினால், வட்டமான மைக் தனியாக வந்துவிடும். அதைக் கிடையாகவும் செங்குத்தாகவும் மாற்றி மாற்றிப் பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். காதருகே ஆட்டினால் மெல்லிய மணல் சரியும் ஓசை வர வேண்டும். மேசை விளிம்பில் ஓங்கித் தட்டாதீர்கள். மூடியின் உட்புறத்தில் எச்சில் ஈரமும் தூசியும் படிந்திருக்கும், அதையும் துடைத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகும் குரல் தாழ்ந்தே இருந்தால், அடாப்டர் தரும் மின்னோட்டம் குறைவாக இருப்பது காரணமாகலாம். எக்ஸ்சேஞ்சுக்கு அருகில் இருந்த வீடுகளில் கிடைத்த ஓட்டத்தைச் சிறு பெட்டிகள் தருவதில்லை. கார்பன் மைக்கோ ஓட்டம் குறைந்தால் சோர்ந்துவிடும். பல அடாப்டர்களில் மைக்கின் ஒலியைச் சில டெசிபெல் கூட்டும் வசதி உண்டு, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். கடைசி வழியாக, கார்பன் மைக்கின் அதே வட்ட வடிவில் உள்ளே எலக்ட்ரெட் என்ற, கார்பன் துகள் இல்லாத புதிய வகை மைக் வைத்த மாற்றுகள் இருக்கின்றன. குரல் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால், அந்தப் பழைய போனின் குரல் அதில் வராது என்பதால் நான் இதுவரை மாற்றவில்லை.

டயல் மெதுவாகத் திரும்புகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

தயவுசெய்து விடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் நாளடைவில் தூசியுடன் சேர்ந்து பிசினாகிவிடும். டயலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது உள்ளே சுழலும் சிறு கவர்னர்; அதன் எடைகள் சுழற்சியில் விரிந்து உட்சுவரில் உரசி வேகத்தை ஒரே சீராக வைக்கும். அங்கே எண்ணெய் வழிந்தால் உரசல் போய் டயல் கட்டுப்பாடின்றி ஓடும். கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் எண்ணெயில், குண்டூசி முனையில் நிற்கும் ஒரு துளியை அச்சுகளில் மட்டும் தொட்டு வையுங்கள்.

0-ஐச் சுழற்றி விட்டால் பத்துத் துடிப்புக்கு ஒரு நொடி. இழுத்து விட்ட இடத்திலிருந்து முழுவதும் திரும்பி நிற்க அதைவிடச் சற்றே கூடுதலாக ஆக வேண்டும். செல்போனில் பதிவு செய்து கேட்டால் துல்லியமாக அளக்கலாம். திரும்பி வரும் டயலை விரலால் தள்ளி விரைவுபடுத்துவது பலரிடம் இருந்த பழக்கம். எண் தவறிப் போவதற்கு அதுவே பாதிக் காரணம். துடிப்பு தரும் தொடுமுனைகள் கறுத்திருந்தால் உப்புத்தாள் போடக் கூடாது. ஒரு வெள்ளைத் தாள் துண்டை நடுவில் நுழைத்து மெல்ல இழுத்தால் கறுப்பு தாளுக்கு வந்துவிடும்.

தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் இருந்த, கைப்பிடி சுற்றும் மரப்பெட்டிப் போன் என்னிடம் இருக்கிறது. டயலே இல்லை. இதையும் அடாப்டரில் மாட்டலாமா?
– ஒரு வாசகர், குன்னூர்

இதற்கு வேறு பிறப்பு. இதன் மைக்குக்கு எக்ஸ்சேஞ்ச் மின்சாரம் தராது. பெட்டிக்குள் வைக்கும் இரண்டு உலர் செல்கள், அதாவது 3 வோல்ட், மைக்குக்குப் போதும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே காந்தங்களுக்கு இடையில் சுருள் சுழன்று, எதிர்முனை மணியை அடிக்கும் மின்சாரம் பிறக்கும். அடாப்டரில் மாட்டிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் அந்த மின்சாரம் நேரே அடாப்டருக்குள் போய் அதைக் கெடுத்துவிடும். ஆகவே வேண்டாம்.

இது கேட்பது இன்னொரு துணையை மட்டுமே. இதே வகைப் போன் இன்னொன்று கிடைத்தால், இரண்டுக்கும் இடையில் இரண்டு கம்பிகளை இழுத்துவிட்டால் போதும். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல், வீட்டு மின்சாரம் இல்லாமல், தோட்டத்துக் காவலறைக்கும் வீட்டுக்கும் இடையே மணி அடித்துப் பேசலாம். செல்களை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடாதீர்கள். கசிந்தால் மரத்தையும் பித்தளையையும் அரித்துவிடும்.

முன்பெல்லாம் கரண்ட் போனாலும் லேண்ட்லைன் வேலை செய்யும். இப்போது?
– ஒரு வாசகி, மதுரை

அப்போது எக்ஸ்சேஞ்சில் ஓர் அறை நிறைய பாட்டரிகள் உங்களுக்காக நின்றன. இப்போது அந்தப் பொறுப்பு வீட்டுக்கு வந்துவிட்டது. மோடம், அடாப்டர் இரண்டுக்குமே தடையில்லா மின்சாரம் வேண்டும்; ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதை மறந்துவிடுவது வழக்கமான தவறு. ரூட்டருக்கென விற்கும் சிறிய யு.பி.எஸ். போதும். ஆனால், சிலவற்றுக்கு 5 வோல்ட்டும் சிலவற்றுக்கு 12 வோல்ட்டும் தேவைப்படும் என்பதால் இரண்டின் சார்ஜர்களிலும் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் முதியவர்கள் தனியாக இருந்தால், டயல் போனை மட்டும் நம்பி இருக்காமல் சார்ஜ் உள்ள ஒரு செல்போனும் அருகில் இருக்கட்டும். அவசர எண் 112-க்கு அது எப்போதும் உதவும்.

எனக்கு வெளியே பேச வேண்டியதில்லை. என்னிடம் உள்ள இரண்டு டயல் போன்களையும் பேரக்குழந்தைகள் வீட்டுக்குள் பேசி விளையாடும்படி செய்ய முடியுமா? அடாப்டர் எல்லாம் வேண்டாம்.
– ஒரு வாசகர், சேலம்

முடியும், பெரிய செலவும் ஆகாது. ஒரு 9 வோல்ட் சதுர பாட்டரி, வேண்டிய நீளத்துக்கு இரட்டை ஒயர், இவ்வளவே. முதல் போனின் ஒரு கம்பியை இரண்டாவது போனின் ஒரு கம்பியுடன் நேராகச் சேருங்கள். முதல் போனின் மற்றொரு கம்பியைப் பாட்டரியின் ஒரு முனையிலும், இரண்டாவது போனின் மற்றொரு கம்பியைப் பாட்டரியின் அடுத்த முனையிலும் கொடுங்கள். பாட்டரியும் இரண்டு போன்களும் ஒரே வளையத்தில் அமைய வேண்டும் என்பதுதான் கணக்கு. இரண்டு ரிசீவர்களையும் எடுத்தால் வளையம் மூடி, கார்பன் மைக்குக்குத் தேவையான இருபது முப்பது மில்லி ஆம்பியர் பாயும்; பேச்சு நன்றாகவே கேட்கும். ஒருவர் வைத்துவிட்டாலும் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் பாட்டரி வீணாகாது.

இதில் மணி அடிக்காது. மணிக்கு மாறுமின்சாரம் வேண்டும். அதனால் ஒரு குழந்தை மாடியிலிருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் ரிசீவரை எடுக்க வேண்டும். ஆனால், டயலுக்கு வேலை உண்டு. ஒருவர் இங்கே 5-ஐச் சுழற்றினால் அங்கே காதில் ஐந்து சிறு 'டிக்' ஒலிகள் கேட்கும். எந்த எண் என்று எண்ணிச் சொல்லும் விளையாட்டை என் பேத்திக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். 9-ஐயும் 0-ஐயும் பிரித்துச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று.